ஹெடரை மேலிருந்து படியுங்கள்: மண்டபத்தில் ஒரு போலி மெயிலைப் பிரித்துப் பார்த்த பதிவு

மண்டபம் ஊரில் கடல்பாசி வாங்கி, உலர்த்தி, மூட்டை போட்டு விற்கும் அண்ணன் ஒருவர் காய்ந்த பாசியை அழுத்திக் கட்டுவதற்காகக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் பிரஸ் இயந்திரம் ஆர்டர் கொடுத்திருந்தார். முன்பணம் போய்விட்டது. இரண்டாவது தவணை கட்ட வேண்டிய நேரத்தில் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில்: "எங்கள் பழைய கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்." அதற்குக் கீழே அதுவரை நடந்த பேச்சு முழுக்க ஒட்டியிருந்தது. விலை, ஜிஎஸ்டி, லாரி வாடகை யார் தருவது என்பது வரை எல்லாமே உண்மை.

கணக்குப் பார்ப்பது அண்ணனின் மகள். ஐஎஃப்எஸ்சி குறியீட்டைத் தேடிப் பார்த்தால் கிளை எங்கோ வடக்கே இருந்திருக்கிறது. கோவைக்குப் போன் போட்டுக் கேட்டார். "நாங்க அப்படி எதுவும் அனுப்பலையே" என்றார்கள். பணம் தப்பியது.

ஆனால் அந்தப் பேச்சை யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் என்பது தெளிவு. எந்தப் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்து? கோவைக்காரர் "உங்க மெயிலைத்தான் யாரோ ஹேக் பண்ணியிருக்காங்க" என்றார். அண்ணன் "அவன் ஆபீஸ்லதான் எவனோ இருக்கான் தம்பி" என்றார். கம்ப்யூட்டர் சர்வீஸ், சிசிடிவி, சின்னக் கம்பெனிகளின் மெயில் என்று ராமநாதபுரத்தில் பிழைக்கும் என்னிடம் பஞ்சாயத்து வந்தது இப்படித்தான்.

முதலில் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதில் ஒன்றும் இல்லை. ஃபார்வர்டு செய்யச் சொன்னேன், வந்தது. அதிலும் எனக்கு வேண்டியது இல்லை. ஃபார்வர்டு செய்யும்போது பழைய மெயிலின் உடல் மட்டும்தான் புதிய மெயிலுக்குள் போகும். பயணக் குறிப்புகள் இருக்கும் ஹெடர் அங்கேயே நின்றுவிடும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், புகார் கொடுக்கப் போகிறவர்கள் பலர் ஃபார்வர்டு செய்துவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறார்கள். மூலத்தை .இஎம்எல் கோப்பாகச் சேமித்து இணைப்பாக அனுப்ப வேண்டும். ஜிமெயிலில் "ஷோ ஒரிஜினல்", தண்டர்பேர்டில் கன்ட்ரோல்-யூ, ரவுண்ட்கியூபில் "ஷோ சோர்ஸ்", பழைய அவுட்லுக்கில் மெயிலைத் தனிச் சன்னலில் திறந்து ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ். இவர்களுக்கு இருந்தது பலர் ஒரே சர்வரைப் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகப் பலகை வைத்த கணக்கு, பிரவுசரில் மெயில் பார்க்கும் வெப்மெயிலில் ரவுண்ட்கியூப். போனில் விளக்கிச் சொல்வதைவிட நேரில் போவது சுலபம் என்று கிளம்பினேன்.

பாசி காயப்போட்ட முற்றத்தைத் தாண்டித்தான் ஆபீஸ் அறை. சின்னப்பாலம், தோப்புக்காடு பெண்கள் எடுத்து வரும் மரிக்கொழுந்துப் பாசி ஒரு பக்கம், மூங்கில் மிதவையில் நாற்பத்தைந்து நாள் வளர்த்த காப்பாஃபைகஸ் இன்னொரு பக்கம். ஜன்னலுக்கு நேரே கடல். அந்த உப்புக் காற்றில் லேன் கேபிள் முனையின் செம்புப் பின்கள் பச்சை பூத்திருந்தன. அதைக் கிரிம்ப் செய்து மாற்றிய பிறகுதான் நெட் ஒழுங்காக வந்தது. சரி, ஹெடருக்கு வருவோம்.

ஒரு மெயில் சர்வர் இன்னொரு சர்வரிடமிருந்து மெயிலை வாங்கும்போதெல்லாம் மேலே ஒரு "ரிசீவ்டு" வரியை ஒட்டுகிறது. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற இணைய விதிமுறை ஆவணத்திலேயே இது உண்டு. இப்போது நடைமுறையில் இருக்கும் 2008ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5321 இன்னும் கறாராகச் சொல்கிறது: வரியை உச்சியில் ஒட்ட வேண்டும், முன்பே இருக்கும் வரிகளின் வரிசையை மாற்றக் கூடாது. அதனால் புதியது மேலே, பழையது கீழே. வரிக்குள்ளே யாரிடமிருந்து, யார் வாங்கியது, எந்த முறையில், என்ன அடையாள எண், யாருக்காக, எப்போது என்று துண்டுகள் வரும்.

இதில் "யாரிடமிருந்து" என்ற துண்டுதான் எல்லாம். அதில் இரண்டு செய்திகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்று, எதிரே இருப்பவன் வணக்கம் சொல்லும்போது தன் பெயர் என்று சொன்னது. ஹெலோ பெயர் என்பார்கள். இன்னொன்று, இணைப்பு உண்மையில் எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்று வாங்கும் சர்வர் தானே பார்த்தது. சோதனைச்சாவடியில் டிரைவர் "ராமேஸ்வரத்திலிருந்து வர்றேன்" என்று சொன்னதையும், ஏட்டு தன் கண்ணால் பார்த்த வண்டி நம்பரையும் ஒரே வரியில் எழுதி வைப்பது மாதிரி. முதலாவது வாய்ப்பேச்சு. ஹெலோவில் எவனும் எந்தப் பெயரையும் சொல்லலாம், சர்வர் வாங்கிக்கொள்ளும். ஐபியை மட்டும் சும்மா சொல்லிவிட முடியாது. இரு பக்கமும் பதில் பேசித்தான் தொடங்கும் டிசிபி இணைப்பு, பதில் போய்ச் சேராத முகவரியிலிருந்து நிற்காது.

சிபேனல் சர்வர்களில் மெயிலைக் கையாள்வது எக்ஸிம் என்ற மென்பொருள். அது எழுதும் வரியில் ஐபி சதுர அடைப்புக்குள் இருக்கும்; சொன்ன பெயர் "ஹெலோ=" என்பதற்குப் பின்னால் தனியாக இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் எழுதினால் வரிசை வேறு: முதலில் வருவது அவன் சொன்ன பெயர், அடைப்புக்குள் ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரும் (ஐபியை வைத்துத் தேடினால் கிடைக்கும் பெயர்) ஐபியும். ரிவர்ஸ் பெயர் சரிபார்ப்பில் தேறாவிட்டால் அங்கே "அன்னோன்" என்று போடும். அவசரத்தில் படிப்பவர்கள் முதலில் கண்ணில் படும் பெயரையே அனுப்பிய சர்வர் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் மட்டுமல்ல, எங்கே கேட்டாலும் "ஹெடரைக் கீழிருந்து மேலே படி, அடியில் இருப்பதுதான் அனுப்பியவன்" என்றுதான் சொல்லித் தருகிறார்கள். நேர்மையான மெயிலுக்கு அது சரி. திருட்டு மெயிலுக்கு அது திருடன் காட்டும் வழியில் நடப்பது. அடியில் இருக்கும் வரிகளை அனுப்புகிறவனே எழுதி உள்ளே வைத்து அனுப்பலாம். அடுத்து வரும் சர்வர்கள் அதன் மேலே தங்கள் வரியை ஒட்டுமே தவிர, கீழே இருப்பது மெய்யா பொய்யா என்று பார்ப்பதில்லை. நாம் காசு கொடுத்து வைத்திருக்கும் நம் சர்வர் எழுதிய வரிதான் உறுதியான தரை. அங்கே தொடங்கி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்க வேண்டும். எங்கே சங்கிலி அறுகிறதோ, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வெறும் எழுத்து.

அப்படித்தான் இறங்கினேன். உண்மையான முகவரிகளை இங்கே போடவில்லை. எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கிய எண்களைப் போடுகிறேன்.

உச்சியில் ரிட்டர்ன்-பாத். இதை எழுதுவது கடைசியாக மெயிலைப் பெட்டியில் போடும் சர்வர். உறை மேல் இருந்த அனுப்புநர் முகவரி அது. கோவைக் கம்பெனியின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு ஹோஸ்டிங் சர்வரின் பயனர் பெயர். அடுத்து எல்எம்டிபி என்று ஒரு ரிசீவ்டு வரி. அது எக்ஸிமிடமிருந்து வாங்கி, மெயில் பெட்டிகளைப் பராமரிக்கும் டவ்காட் மென்பொருள் பெட்டிக்குள் போட்டது, ஒரே இயந்திரத்துக்குள் நடக்கும் கைமாற்றம், விட்டுவிடலாம். அதற்குக் கீழே இருந்தது முக்கியமான வரி: நம் சர்வர் வெளியிலிருந்து வாங்கியபோது எழுதியது. ஐபி 198.51.100.23. அந்த ஐபியின் ரிவர்ஸ் பெயர் அதே ஹோஸ்டிங் சர்வர். கோவைக் கம்பெனியின் சர்வர் 203.0.113 வரிசையில் இருக்கிறது.

அதற்கும் கீழே அந்த ஹோஸ்டிங் சர்வர் எழுதியதாக ஒரு வரி: இன்ன பயனரிடமிருந்து "வித் லோக்கல்" முறையில் வாங்கினேன் என்று. லோக்கல் என்றால் வெளியிலிருந்து எஸ்எம்டிபி (சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் முறை) வழியாக வரவில்லை, அந்த இயந்திரத்திலேயே ஓடிய ஏதோ நிரல் மெயிலைக் கொடுத்திருக்கிறது. எந்த நிரல் என்பதற்கும் துப்பு இருந்தது. எக்ஸ்-பிஎச்பி-ஒரிஜினேட்டிங்-ஸ்கிரிப்ட் என்ற ஹெடரில் கோப்பின் பெயர். எக்ஸ்-சோர்ஸ்-டைர் ஹெடரில் அது இருந்த அடைவு. ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் படங்கள் போட்டுவைக்கும் அப்லோட்ஸ் அடைவு. அங்கே பிஎச்பி என்ற நிரல் கோப்புக்கு வேலையே இல்லை. யாருடைய தளமோ, பாவம், அதற்குள் புகுந்து அஞ்சல் நிரலைப் போட்டிருக்கிறார்கள். இந்த வரியை எழுதியது நம் சர்வர் இல்லை, அதனால் முழுசாக நம்ப முடியாது. ஆனால் மேல் வரியில் நாம் பார்த்த ஐபியோடு இதன் பெயர் பொருந்துகிறது; அந்த அளவுக்கு நம்பினேன்.

இதற்கும் அடியில் இன்னொரு ரிசீவ்டு வரி இருந்தது! கோவைக் கம்பெனியின் சர்வர் வாங்கியதாக, அவர்களுடைய ஆபீஸ் ஐபியிலிருந்து, அவர்களுடைய கணினிப் பெயரோடு, "ஈஎஸ்எம்டிபிஎஸ்ஏ" முறையில். அந்தச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு அர்த்தம் உண்டு: எஸ் என்றால் இணைப்பு குறியாக்கம் செய்யப்பட்டது, ஏ என்றால் பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்தவர் அனுப்பியது. 2004இல் ஆர்எஃப்சி 3848 வகுத்தது. கீழிருந்து படிக்கிறவர் இதைப் பார்த்தால் கோவை ஆபீஸில் இருக்கும் ஒருவர் பாஸ்வேர்டு போட்டு அனுப்பியிருக்கிறார் என்று சத்தியம் செய்வார். கம்ப்யூட்டர் அரைகுறையாகத் தெரிந்த, அண்ணனுக்கு வேண்டிய பையன் ஒருவன் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லியிருக்கிறான். சண்டை அதில்தான் முற்றியது.

சங்கிலி அறுந்தது இந்த இடத்தில். கீழ் வரி "கோவை சர்வர் வாங்கியது" என்கிறது. அப்படியானால் அதற்கு மேல் வரி "கோவை சர்வரிடமிருந்து" என்று தொடங்க வேண்டும். அது "லோக்கல் பயனரிடமிருந்து" என்று தொடங்குகிறது. நடுவே யாரும் கைமாற்றிக் கொடுக்கவில்லை. நேரமும் இடித்தது: கீழ் வரியின் நேரம் இந்திய நேரம் 10:42, நம் சர்வரின் வரி பூச்சியக் கணக்கில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) 05:09, அதாவது இங்கே 10:39. வாங்குவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டதாம். இந்த மூன்று நிமிடத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். சர்வர் கடிகாரங்கள் அந்த அளவுக்கு விலகுவது உண்டு.

சுவாரஸ்யம் அடையாள எண்ணில் இருந்தது. எக்ஸிம் ஒவ்வொரு மெயிலுக்கும் கொடுக்கும் எண்ணின் முதல் ஆறு எழுத்து சும்மா குலுக்கிப் போட்டது இல்லை. 1970 ஜனவரி 1 முதல் ஓடிய வினாடிகளை 62 அடிமானத்தில் எழுதியது: 0 முதல் 9, பிறகு பெரிய ஏ முதல் இசட், பிறகு சின்ன ஏ முதல் இசட். ஆறாவது எழுத்து வினாடிக்கு ஒருமுறை மாறும், ஐந்தாவது 62 வினாடிக்கு, நான்காவது சுமார் 64 நிமிடத்துக்கு, மூன்றாவது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் நாளுக்கு ஒருமுறை. முதல் எழுத்து 1999 ஜனவரியிலிருந்து 1தான். 2028 ஜனவரியில்தான் 2 ஆகும். கணிப்பான்கூட வேண்டாம், கண்ணால் ஒப்பிட்டே நாளைத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

நம் சர்வர் அந்த மெயிலுக்குக் கொடுத்த எண்ணில் மூன்றாவது எழுத்து சின்ன யூ. நடுவரியிலும் யூ. கோவை சர்வர் எழுதியதாகச் சொல்லும் அடிவரியில் சின்ன எம். எம்மிலிருந்து யூவுக்கு எட்டு எழுத்து. எட்டு முறை இரண்டே முக்கால் என்றால் இருபத்திரண்டு நாள். வரியின் கடைசியில் இருக்கும் தேதியைத் திருடன் மாற்றியிருக்கிறான். எண்ணுக்குள்ளே தேதி இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய ஏதோ ஒரு உண்மையான மெயிலின் ஹெடரை அள்ளி அப்படியே ஒட்டியிருக்கிறான்.

எந்த மெயில்? மூன்று வாரத்துக்கு முன் கோவையிலிருந்து வந்தவற்றை ஒவ்வொன்றாக மூலம் திறந்து பார்த்தோம். அண்ணன் மகள் எண்ணைப் படிக்க, நான் ஒப்பிட்டேன். விலைப்பட்டியல் அனுப்பிய மெயிலில் அதே எண், எழுத்துக்கு எழுத்து. அண்ணனின் முகவரிக்கு மட்டும் வந்த மெயில், நகல் வேறு யாருக்கும் இல்லை.

இப்போது பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது. கோவை ஆபீஸில் அவுட்லுக்கில் எழுதி அனுப்புகிறார்கள். சென்ட் பெட்டியில் விழும் நகலை அவுட்லுக்கே நேராகப் போட்டுவைக்கிறது. அது சர்வர்கள் வழியே பயணம் செய்த பிரதி இல்லை, அதனால் அதில் ரிசீவ்டு வரி எதுவும் இருக்காது. போன் போட்டு அவர்களையே மூலத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். இல்லை என்றார்கள். ரிசீவ்டு வரி ஒட்டிய பிரதி இருந்தது மண்டபத்துப் பெட்டியில் மட்டும்தான். கோவை சர்வரையே கைப்பற்றியிருந்தால்? அப்படிப் பிடித்தவன் அங்கிருந்தே அனுப்பியிருப்பான். யாரோ ஒருவரின் வேர்ட்பிரஸ் தளத்துக்குப் போயிருக்க மாட்டான். ஓட்டை அண்ணன் வீட்டுக் கூரையில்தான்.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "அப்ப அவன் சொன்னதுதான் சரியா தம்பி?" என்றார். சரிதான், ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு கதவு திறந்து கிடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சிபேனலில் ஃபார்வர்டர்ஸ் பட்டியல் காலி. பொதுவாக எல்லோரும் அங்கே பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். இமெயில் ஃபில்டர்ஸ் பக்கத்தில், அந்தப் பெட்டிக்கு மட்டுமான வடிகட்டிகளில், ஒரு புள்ளியைப் பெயராக வைத்து ஒன்று இருந்தது: தலைப்பில் இன்வாய்ஸ் அல்லது பேமெண்ட் என்று வந்தால் வெளி முகவரி ஒன்றுக்கு ஒரு நகல். மெயில் இங்கேயும் வழக்கம்போல வந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. ட்ராக் டெலிவரி பக்கத்தில் தேடியபோது அந்த முகவரிக்குப் போன நகல்களின் பட்டியலும் கிடைத்தது. அதில் விலைப்பட்டியல் மெயிலும் இருந்தது. ஹெடரை வைத்துப் போட்ட கணக்கு சரியாக வந்து உட்கார்ந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

நகல் போகும் மெயிலில் பழைய ரிசீவ்டு வரிகள் அப்படியே கூடவே போகும் என்பதையும் கவனிக்க வேண்டும். சர்வரே திருப்பி அனுப்புவதற்கும் மனிதர் ஃபார்வர்டு பட்டனை அழுத்துவதற்கும் இதுதான் வேறுபாடு. திருடனுக்கு முழு ஹெடர் கிடைத்தது இதனால்தான்.

திருத்தும் வேலை சீக்கிரம் முடிந்தது. வடிகட்டியைப் படம் பிடித்து வைத்துவிட்டு நீக்கினோம். மெயில் பாஸ்வேர்டு கடைப் பெயரும் வருடமும்தான், மாற்றினோம். சிபேனல் பாஸ்வேர்டையும் மாற்றி இரட்டைச் சரிபார்ப்பு போட்டோம். ரவுண்ட்கியூபில் ஐடென்டிட்டீஸ் பக்கத்தில் ரிப்ளை-டு (பதில் போகும் முகவரி) ஏதாவது மாற்றிவைத்திருக்கிறானா என்று பார்த்தேன், இல்லை. ஹோஸ்டிங்காரர்களுக்கு டிக்கெட் போட்டு ஐமேப் (மெயில் பெட்டியைத் தொலைவிலிருந்து திறக்கும் முறை) உள்நுழைவுப் பதிவு கேட்டோம். மண்டபத்துக்குச் சம்பந்தமில்லாத ஐபிகள் வரிசையாக இருந்தன.

அண்ணனுக்கு ஆசை, அந்த ஐபியை மேப்பில் போட்டு ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று. மேப்பில் வருவது சர்வர் இருக்கும் ஊர். ஆள் இருக்கும் ஊர் இல்லை. போலி மெயில் வந்த ஐபி ஒரு அப்பாவித் தளத்தின் வீடு. வீட்டு இணைப்பு, மொபைல் இணைப்பு ஐபி என்றாலும் சுலபமில்லை. ஒரே ஐபியின் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைத்திருப்பார்கள். எந்த வினாடியில் எந்தப் போர்ட் (அந்த ஐபிக்குள் ஒவ்வொரு இணைப்புக்கும் தரும் எண்) என்று தெரிந்தால்தான் நிறுவனத்தால் ஆளைச் சொல்ல முடியும். எக்ஸிம் வரியில் ஐபிக்குப் பக்கத்தில் போர்ட் எண்ணும் இருப்பது அந்த வகையில் உதவும். இணைப்புகளின் மூலப் போர்ட்டையும் பதிவு செய்யுங்கள் என்று 2011இல் ஆர்எஃப்சி 6302 பரிந்துரைத்தது; எல்லா சர்வரும் கேட்பதில்லை. .இஎம்எல் கோப்பையும் வடிகட்டியின் படத்தையும் வைத்து தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்தோம். பணம் போயிருந்தால் உடனே 1930க்குப் போன் செய்திருக்க வேண்டும். 198.51.100.23க்கு ஹூஇஸ் (ஐபி யாருடையது என்று சொல்லும் பதிவேடு) தேடி, கிடைத்த துஷ்பிரயோகப் புகார் முகவரிக்கும் முழு ஹெடரோடு எழுதினேன்.

இப்போது கோவைக் கதவு. போலி மெயிலில் ஃப்ரம் முகவரி அவர்களுடையதேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. ரிப்ளை-டு மட்டும் வேறு: டொமைனில் எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றன. சின்ன எழுத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு டொமைன் பெயரில் எந்த ஐபிகள் மெயில் அனுப்பலாம் என்று பட்டியலிடும் எஸ்பிஎஃப் இதைத் தடுத்திருக்காதா என்று கேட்கலாம். தடுக்கவில்லை, "பாஸ்" என்று போட்டிருந்தது! எஸ்பிஎஃப் பார்ப்பது உறை மேல் இருக்கும் முகவரியை, அதாவது ரிட்டர்ன்-பாத்தை. அது ஹோஸ்டிங் சர்வரின் சொந்தப் பெயர், அந்த ஐபிக்கு அனுமதி உண்டு, ஆகவே பாஸ். நாம் திரையில் பார்க்கும் ஃப்ரம் முகவரியோடு அதற்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. இரண்டும் ஒரே டொமைனாக இருக்க வேண்டும் என்று கேட்பது டிமார்க். கோவை டொமைனில் டிமார்க் பதிவே இல்லை. இருந்து, நிராகரி என்று சொல்லியிருந்தால், அதை மதிக்கும் சர்வர் எதுவும் இந்த மெயிலை உள்ளே விட்டிருக்காது.

அண்ணன் டொமைனும் யோக்கியம் இல்லை. பழைய வெப்சைட்காரர் ஒரு எஸ்பிஎஃப் பதிவு போட்டிருக்கிறார், ஹோஸ்டிங் மாறியபோது இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் சோதனை "பெர்ம்எரர்" என்று முறிந்துவிடும். இரண்டையும் ஒன்றாக்கினேன். மெயிலில் சர்வர் போடும் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் சாவியை சிபேனலில் இமெயில் டெலிவரபிலிட்டி பக்கத்திலிருந்து எடுத்து, டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் சேர்த்தேன். ஆபீஸ் கணினியில் இருக்கும் மெயில் மென்பொருளிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி "ஷோ ஒரிஜினல்" திறந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் பாஸ்.

அந்தச் சோதனை மெயிலைப் பார்த்தபோது இன்னொரு கோளாறும் தெரிந்தது. டேட் ஹெடரில் நான்கு நாள் முந்தைய தேதி. வெப்மெயிலாக இல்லாவிட்டால் டேட் வரியை எழுதுவது அனுப்பும் கணினி, தன் கடிகாரத்தைப் பார்த்து. ரிசீவ்டு வரிகளில் சர்வர் நேரம் சரியாகத்தான் இருந்தது. ராத்திரி கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள். மதர்போர்டு பேட்டரி பலமிழந்து போயிருந்ததால் கரண்ட் இல்லாத நேரமெல்லாம் கடிகாரம் நின்று, நாளாக நாளாகப் பின்தங்கியிருக்கிறது. தேதி ரொம்பப் பின்னால் இருந்தால் ஸ்பாம்அசாசின் என்ற குப்பை மெயில் வடிகட்டி சந்தேக மதிப்பெண்ணைக் கூட்டிவிடும். "உங்க மெயில் இன்பாக்ஸ்ல கீழ எங்கயோ போய்க் கிடக்குது" என்று கோவைக்காரர்கள் முன்பு குறைப்பட்டதற்கும் இதுதான் காரணம். சிஆர்2032 பேட்டரி ஒன்று மாற்றினேன். பிடிப்பானிலும் உப்புப் பூத்திருந்தது, சுரண்டிவிட்டுப் போட்டேன்.

டிமார்க்கை இப்போதைக்கு பி=நன் (எதையும் தடுக்காதே) என்று, அறிக்கை மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன். வரும் எக்ஸ்எம்எல் அறிக்கைகளில் இன்னொரு ஐபி தலைகாட்டுகிறது. தேடினால், பில் போடும் மென்பொருள் தன் சொந்த சர்வரிலிருந்து அண்ணன் பெயரில் ரசீது அனுப்புகிறது. அதற்கு டிகேஐஎம் இல்லை. அதைச் சரி செய்யாமல் பி=ரிஜெக்ட் போட்டால் திருடனோடு சேர்த்து ரசீதுகளும் வெளியே நிற்கும். மென்பொருள்காரரிடம் கேட்டிருக்கிறோம்; அதுவரை ரசீதுகளைக் கடை மெயிலின் எஸ்எம்டிபி வழியாகவே அனுப்பும்படி அமைப்பை மாற்றிவைத்தேன். கோவையிலும் பி=நன் போட்டுவிட்டார்கள். கணக்கு எண் மாறுவதாக மெயில் வந்தால் பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குப் போன் போடுவது என்று இரண்டு தரப்பும் பேசி வைத்துக்கொண்டார்கள். பிரஸ் லாரியில் ஏறிவிட்டதாம்.